குப்பிக்குள் வராதவை

ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு மறுநாள் கைக்கு வரப்போகிற தாளை நினைத்துத்தான் பயம். எழும்பூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இது எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஊசிக்குப் பயப்படுகிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பல்லைக் கடிப்பார், முடிந்ததும் சிரித்துவிடுவார். தாளுக்குப் பயப்படுகிறவர் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் வரும்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

"போன வாரம் காய்ச்சல், இருமல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

வாய்மொழித் தேர்வுக்கு வந்த மாணவனைப்போல, கூட ஒரு வார்த்தை பேசினால் மதிப்பெண் போய்விடும் என்று நினைப்பார்கள். நான் அந்த நாற்காலிக்கு எதிரே நின்று பார்த்த வரையில், பேசாமல் இருந்ததால் ஒருவருக்கும் நல்லது நடந்ததில்லை. கருவிக்குக் குப்பியில் இருப்பது மட்டும்தான் தெரியும். அந்தக் குப்பி யாருடையது, அவர் காலையில் என்ன குடித்தார், நேற்று இரவு எந்த மருந்தை விழுங்கினார் என்பதையெல்லாம் யாராவது சொன்னால்தான் உண்டு.

ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான் சென்னைக்கு வந்த காலம் அது. ஆய்வகத்தைக் காலை ஆறரைக்குத் திறப்போம். எழும்பூர் ரயில் நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், பாண்டியன், நெல்லை எக்ஸ்பிரஸ்களில் வந்து இறங்கியவர்கள் தோளில் பையோடு நேராக எங்கள் படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல், கப்பல் வேலைக்கான மெடிக்கல், பெரிய டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு என்று ஆளுக்கு ஒரு காரணம். எல்லாரையும் ஒரே கேள்வியில்தான் வரவேற்போம். "வெறும் வயிறுதானே?"

"ஆமா சார். தாம்பரத்துல ஒரு டீ மட்டும்."

அந்த ஒரு டீயைப் பலரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாலும் சர்க்கரையும் உள்ளே போனால் அது வெறும் வயிறு கிடையாது. எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை ஒன்றும் சாப்பிடாமல் வரவேண்டும் என்பதுதான் கணக்கு. தண்ணீர் குடிக்கலாம். குடித்துவிட்டு வருவதே நல்லது, உடம்பு வறண்டிருந்தால் நரம்பு கிடைக்காது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் இயல்பு, 126ஐத் தொட்டால் நீரிழிவு என்று பேச்சு எழும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகலான இடம். தாம்பரத்து டீ ஒரு மனிதரை அந்த இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும்.

சாப்பிட்டபின் எடுக்கும் சர்க்கரைக்கு வேறுவிதமான சாமர்த்தியம் நடக்கும். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கவேண்டியது அது. வழக்கமாக வீட்டில் ஆறு தோசை சாப்பிடுகிறவர், அன்று மட்டும் ஓட்டலில் இரண்டு இட்லியோடு எழுந்து வந்து கையை நீட்டுவார். டெஸ்ட்டுக்காக மூன்று நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. யாரை ஏமாற்றுகிறோம் என்ற யோசனையே இருக்காது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. பரவலான பிறகு இந்த வித்தை செல்லுபடியாகாமல் போயிற்று. அதற்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ரத்தசோகை உள்ளவர்களுக்கும் அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் அந்த எண் தடம் மாறும். அதையும் அவர்கள்தான் சொல்லவேண்டும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அக்கா முதலில் சொன்ன பாடம் ஊசியைப் பற்றியது இல்லை, பெயரைப் பற்றியது. "நீங்க முருகனான்னு கேட்காதே. தூக்கக் கலக்கத்துல யாரும் தலையாட்டிடுவாங்க. உங்க பேரு என்னன்னு கேளு, அவங்க வாயால சொல்லட்டும்." நம் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. ஒரே காலையில் எஸ். முருகனும் எம். முருகனும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு முன்னெழுத்து பெயருக்கு முன்னால், இன்னொருவருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் தனியாக விரிந்து கிடக்கும். அதனால் பெயர், வயது, பில் எண் மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் அக்கா ஊசியின் உறையைப் பிரிப்பார். ரத்தம் எடுத்த கையோடு, அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் குழாயில் பெயர் ஒட்டியாகவேண்டும். ஒட்டாத குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போகிறவரை அக்கா சும்மா விடமாட்டார். ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி கருவிக்குள் நடப்பதே இல்லை, அதற்கு முந்திய கட்டத்தில்தான் நடக்கிறது என்று நான் பிற்பாடு பாடப் புத்தகங்களில் படித்தேன். அக்காவுக்கு அது புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

குழாய் மூடிகளின் நிறத்தைப் பார்த்து நிறைய பேர் கேட்பார்கள், "எதுக்கு சார் இத்தனை குழாய்? ரத்தத்தை விக்கிறீங்களா?" ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்கும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது. சாம்பல் மூடி சர்க்கரைக்கு. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம்வரை குறையும். அதைத் தடுக்க அந்தக் குழாயில் ஃபுளோரைடு சேர்த்திருப்பார்கள். வெளிர்நீல மூடி ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க. அதில் கோடு போட்ட அளவுக்குக் கச்சிதமாக ரத்தம் நிரம்பவேண்டும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்பது விகிதம். சிவப்பு அல்லது மஞ்சள் மூடி கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகக் கணக்குகளுக்கு. எதை முதலில் நிரப்புவது, எதைக் கடைசியில் நிரப்புவது என்பதற்கும் வரிசை உண்டு. நீலம் முன்னால், சிவப்பும் மஞ்சளும் அடுத்து, ஊதாவும் சாம்பலும் கடைசி.

ஒரு குழாயின் மருந்து இன்னொன்றில் கலக்காமல் இருக்கத்தான் அந்த வரிசை. கலந்தால் என்ன ஆகும் என்பதை ஒருநாள் மத்தியானம் பார்த்தேன். வெளியே ஒரு கலெக்‌ஷன் சென்டரிலிருந்து வந்த குழாயில் பொட்டாசியம் எட்டைத் தாண்டியிருந்தது, கால்சியம் தரையில் கிடந்தது. அந்த எண்களை நம்பினால் ஆளுக்கு இந்நேரம் இதயம் தடுமாறியிருக்கவேண்டும். நான் பதறிப்போய் டாக்டருக்கு போன் செய்ய எழுந்தேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா இப்படி வந்தா ஆளைப் பார்க்காதே, குழாயைப் பாரு. ஊதாவுல இருந்து இதுல ஊத்தியிருக்காங்க." ஊதாக் குழாயில் இருப்பது பொட்டாசியம் கலந்த ஈ.டி.டி.ஏ. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தைத் தன் பங்குக்குக் கூட்டிவிடும். சிவப்புக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் சாய்த்திருக்கிறார்கள். அந்த மனிதரையே வரவழைத்தோம். மாடிப்படி ஏறி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புதிதாக எடுத்த ரத்தத்தில் இரண்டும் இயல்பாக இருந்தன. கையை இறுக்கிக் கட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டாலும், "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று விரட்டினாலும்கூடப் பொட்டாசியம் ஏறும் என்று அன்று மாலை அக்கா சொல்லிக்கொடுத்தார்.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களின் மெடிக்கலை அப்போது காம்கா என்பார்கள். இப்போது அதன் பெயர் வாஃபித். அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் அது நடக்கும். எங்களிடம் நடந்தது அதற்கு முந்தைய ஒத்திகை, 'ப்ரீ மெடிக்கல்'. ஏஜெண்டுகள் ஆட்களைக் கூட்டமாக அழைத்துவந்து, தேறுவார்களா என்று பார்த்துக்கொள்வார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், சிஃபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்., சிறுநீரில் சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே என்று பட்டியல் போகும். அந்த வரிசையில் நின்றவர்கள் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் நடுங்கினார்கள். அன்ஃபிட்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் நினைவில் இருக்கிறார். கொத்தனார். படிவத்தில் முன்பு வந்த நோய்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் பழைய காசநோயின் தழும்பு தெரிந்தது. கேட்டதும் மறைக்காமல் சொல்லிவிட்டார். "அரசாங்க ஆஸ்பத்திரியில மருந்து முழுசா சாப்பிட்டேன் சார், கார்டு வெச்சிருக்கேன்." சளிச் சோதனையும் சுத்தமாக வந்தது. நம் மருத்துவக் கணக்கில் அவர் குணமானவர். வளைகுடா நாடுகளின் கணக்கோ வேறு, எக்ஸ்ரேயில் பழைய தழும்பு இருந்தாலே அவர்கள் தகுதியில்லை என்று ஒதுக்குவார்கள். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்க முடியாது என்பதை அன்று புரிந்துகொண்டேன். ஆனால் அவர் விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. ஏஜெண்டுக்கு இன்னும் முழுப் பணம் கட்டியிருக்கவில்லை. நிலத்தை அடகு வைக்கும் பேச்சு அந்த வாரம்தான் நடந்துகொண்டிருந்தது. நெஞ்சில் என்றைக்காவது பிரச்சினை வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் ஓர் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று அதற்குப் பிறகு நான் பார்த்த எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். ஏஜெண்டுகளுக்கு அது பிடிக்கவில்லை.

எச்.ஐ.வி. சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நகரத்தின் பழைய கதை ஒன்று ஞாபகம் வரும். இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னையில் எடுத்த ரத்தத்தில். மதராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மேற்படிப்பு மாணவியான செல்லப்பன் நிர்மலா காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். சேமித்து வைக்கத் தகுந்த வசதி இல்லாததால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பிறகு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாடே நம்ப மறுத்த ஒரு செய்தி அந்தச் சின்னக் குப்பிகளில் இருந்தது. அதன் பிறகு இந்தச் சோதனையைச் சுற்றி ஒழுங்குகள் வளர்ந்தன. ஒரு கிட்டில் பாசிட்டிவ் வந்தால் அதோடு முடிவு சொல்லிவிட முடியாது. அறிகுறி இல்லாதவருக்கு வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளிலும் பாசிட்டிவ் வந்தால்தான் உறுதி. தொற்று நுழைந்த முதல் சில வாரங்களில் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும், அதனால் நாள் கணக்கைக் கேட்டு மறுபடி வரச் சொல்லவேண்டும். சம்மதம் வாங்காமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்காகவே இருக்கும் நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். சோதனைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். தனியார் கவுண்டர்களில் காணக்கிடைக்காதது அந்தப் பேச்சுத்தான்.

கப்பல்காரர்கள் வரும் நாட்கள் வேறு மாதிரி. பாரிமுனை, மண்ணடிப் பக்கத்துக் கம்பெனி அலுவலகங்களிலிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். பாதிப்பேர் இருபதைத் தாண்டாத கேடட்டுகள், தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன்கள். அவர்களுக்கு வழக்கமான சோதனைகளோடு போதைமருந்துச் சோதனையும் மதுச் சோதனையும் உண்டு. கடலில் இந்தக் கெடுபிடி கூடியதற்குப் பின்னால் 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியதும் ஒரு காரணம். கேப்டன் குடித்திருந்தார் என்று வழக்குப் போட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார், எண்ணெயைக் கொட்டவிட்ட கவனக்குறைவுக்கு மட்டும் தண்டனை. ஆனாலும் அதன் பிறகு எண்ணெய்க் கம்பெனிகள் கப்பலாட்களின் குடியையும் போதையையும் சோதிக்காமல் விட்டதில்லை. இன்று சர்வதேச விதிப்படி கடமையில் இருக்கும் அதிகாரியின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பல கம்பெனிகளில் அதுவும் கிடையாது, பூஜ்யம்தான்.

போதைமருந்துச் சோதனைக்கு முதல்தடவை வரும் பையனுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஏற்பாடுகள்தான் திகைப்பாக இருக்கும். படத்தோடு கூடிய அடையாள அட்டையைக் காட்டவேண்டும். பை, மேல்சட்டை எல்லாம் வெளியே. கால்சட்டைப் பைகளைக் காலி செய்து காட்டச் சொல்வோம். கையைக் கழுவச் சொல்லிவிட்டு, அதன் பிறகு உள்ளே தண்ணீர்க் குழாய் எதையும் திறக்க முடியாதபடி அடைத்துவைப்போம். கழிப்பறைத் தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும், அதை எடுத்துக் கோப்பையில் ஊற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். கதவுக்கு வெளியே நான் நிற்பேன். கோப்பை கைக்கு வந்த நாலு நிமிடத்துக்குள் அதன் பக்கவாட்டுப் பட்டையில் வெப்பநிலையைப் பார்ப்போம், 32 டிகிரி செல்சியஸிலிருந்து 38க்குள் இருக்கவேண்டும். பிறகு பையனின் கண்ணெதிரே இரண்டு குப்பிகளில் பிரித்து ஊற்றி, முத்திரை ஒட்டி, அதில் அவனையே கையெழுத்துப் போடச் சொல்வோம். கஸ்டடி பாரத்தில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு கைமாறலும் பதிவாகும். இரண்டாவது குப்பி அவனுக்கான காவல். முதல் குப்பியின் முடிவு தவறு என்று அவன் சொன்னால் அதைத் திறந்து வேறு ஆய்வகத்தில் பார்க்கலாம்.

"திருடனை நடத்துற மாதிரி நடத்துறீங்களே அண்ணே" என்று ஒருவன் கண்கலங்கிக் கேட்டான். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. நாள்பட நாள்பட அந்தக் கெடுபிடியில் பாதி அவனுக்காகத்தான் என்பது விளங்கியது. முத்திரை சரியில்லாத குப்பியை ஆய்வகம் ஏற்றுக்கொள்ளாது. இன்னொருவனுடைய குப்பி அவன் தலையில் விழாமல் காப்பது அந்தக் கையெழுத்துத்தான். அதனால், "தம்பி, நீ கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி குப்பியில இருக்கிற நம்பரும் பாரத்துல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாத்துக்கோ" என்று சொல்லிக்கொடுப்பேன்.

பதற்றத்தில் சிறுநீரே வராமல் தவிக்கிறவர்கள் நிறைய. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் இதற்கு மூன்று மணி நேர அவகாசமும், அதற்குள் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரும் அனுமதி. அந்த அளவுக்கும் அர்த்தம் உண்டு. வரும்போதே குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் சிறுநீர் நீர்த்துப்போகும். கிரியாட்டினின் 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால், 'நீர்த்த மாதிரி' என்று எழுதி மறுபடி வரச் சொல்லலாம். தப்பே செய்யாத பையன் பயத்தில் தண்ணீர் குடித்ததற்காகச் சந்தேகத்துக்கு ஆளாவதைப் பார்த்திருக்கிறேன். எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று விடுதி நண்பர்கள் சொல்லும் வைத்தியங்களுக்கெல்லாம் உடம்பு மசிவதில்லை. கஞ்சாவின் மிச்சம் கொழுப்பில் போய்த் தங்குவதால், எப்போதாவது ஒருமுறை தொட்டவனுக்கு மூன்று நாளில் போய்விடுவது, பழகியவனுக்கு ஒரு மாதம் ஆனாலும் தெரியும்.

முதலில் செய்வது கிட்டில் பார்க்கும் விரைவுச் சோதனை. ஒரு பொருளின் வடிவத்தைப் பிடித்துக் காட்டும் வேலை அது. வடிவம் ஒத்துப்போகிற வேறு மருந்துகளையும் சிலசமயம் பிடித்துவிடும். சளிக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் சில கிட்களில் ஆம்ஃபெட்டமின் என்று காட்டும். அதனால்தான் கிட்டில் வந்த பாசிட்டிவ் முடிவாகாது. ஜி.சி.எம்.எஸ். என்ற கருவியில் மூலக்கூறைப் பிரித்து, எடைபார்த்து, இன்ன பொருள்தான் என்று உறுதி செய்தபிறகே பேச்சு. அதற்குப் பின்னும் முறையான ஏற்பாட்டில் ஒரு மருத்துவர் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, இதற்கு விளக்கம் உண்டா என்று கேட்பார்.

நாகர்கோவில் பையன் ஒருவனுக்கு ஓபியேட் பாசிட்டிவ் வந்தது. சேர்க்கைக் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. கண்ணெல்லாம் சிவந்து நின்றான். "இருமலுக்கு ஏதாவது குடிச்சியா?" என்று கேட்டேன். வந்த அன்றே கேட்ட கேள்விதான், அப்போது இல்லை என்று தலையாட்டியிருந்தான். இப்போது யோசித்து, விடுதிப் பக்கத்து டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப் என்றான். அதில் கோடீன் இருந்தது. உடம்பு கோடீனில் ஒரு பங்கை மார்ஃபீனாக மாற்றும். சீட்டையும் பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னோம். மாதிரி உறுதிச் சோதனைக்குப் போயிற்று. கம்பெனி மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்து அவனைத் தகுதி என்று எழுதினார். கப்பலேற அவனுக்குக் கொஞ்சம் தாமதமானதோடு சரி. அதே சிரப்பை முதல்நாளே சொல்லியிருந்தால், பாரத்தின் ஓரத்தில் ஒரு வரியாக முடிந்திருக்கும்.

நம் சமையலறையிலும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. குருமாவுக்குத் தேங்காயோடு அரைக்கிற கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் போதை இல்லை, ஆனால் மேலே ஒட்டியிருக்கும் பாலில் மார்ஃபீனும் கோடீனும் கொஞ்சம் இருக்கும். கழுவிச் சமைக்கும்போது பெருமளவு குறைந்துவிடும். ஆனாலும் விதைக்கு விதை, ஊருக்கு ஊர் அளவு மாறும். அமெரிக்க அரசு ஓபியேட் சோதனையின் வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2000க்கு 1998இல் உயர்த்தியதற்கு இந்த விதையும் ஒரு முக்கியக் காரணம். 2023இல் அந்த நாட்டு ராணுவத் தலைமை, கசகசா சேர்ந்த தின்பண்டங்களைத் தவிர்க்கும்படி சிப்பாய்களை எச்சரித்தது. சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் கசகசாவைக் கொண்டுபோகவே கூடாது. நம் ஊர் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பது அங்கே தடைசெய்த பொருள். கப்பல் பையன்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான், "டெஸ்ட் முடியற வரைக்கும் அம்மாகிட்ட கசகசா இல்லாத குருமா கேளு. ஊருக்குப் போற பெட்டியில அம்மா என்ன மசாலா வெச்சிருக்காங்கன்னு பிரிச்சுப் பாரு."

இப்போது வேலையைவிட்டு வந்து, சர்க்கரைக்காக நானே நாற்காலியில் உட்காருகிற வயது. வீட்டில் தைராய்டு பார்க்கப் போன மகளிடம், "முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்பிடுறியே, அதைச் சொன்னியா?" என்று கேட்டேன். "அது மருந்தா அப்பா? வைட்டமின்தானே" என்றாள். பல கருவிகளில் பயோட்டினையே ஒட்டும் பொருளாக வைத்துத்தான் சோதனை நடக்கிறது. உடம்பில் அது அதிகமாக இருந்தால் தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனினும் சில கருவிகளில் குறைந்து காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது. டாக்டரைக் கேட்டு, சில நாட்கள் அதை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தாள். இரண்டாவது தாள் வேறு கதை சொன்னது.

அந்தத் தாளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தடித்த எழுத்தில், பக்கத்தில் ஓர் அம்புக்குறியோடு வரும் எண்ணைப் பார்த்து வீடே உறங்காமல் கிடக்கும். இயல்பு அளவு என்று அச்சிடுவது, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேருக்கு இருக்கும் அளவை. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை நோயே இல்லாத ஒருவருக்குச் செய்தால், அவற்றில் ஒன்றாவது எல்லைக்கு வெளியே போக 64 சதவீத வாய்ப்பு உண்டு. தள்ளுபடி விலையில் 'மாஸ்டர் செக்கப்' என்று அறுபது, எழுபது சோதனைகளை ஒன்றாக வாங்கும்போது அம்புக்குறிகளையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அதற்கு அர்த்தம் இருக்கிறதா என்று சொல்ல, உங்கள் உடம்பின் பழைய கதை தெரிந்த ஒரு மருத்துவர் வேண்டும். பழைய தாள்களைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்திருக்கும் நோயாளிக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை.

அண்மையில் ஒரு புது ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன். இடம் பளபளவென்று இருந்தது, குளிரூட்டி ஓடியது, பார்கோடு ஒட்டிய குழாய்கள் தயாராக நின்றன, மாலைக்குள் முடிவு செல்போனுக்கு வந்துவிடும் என்றார்கள். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "நீங்கதானே இவர்?" என்று திரையைக் காட்டிவிட்டு ஊசியை எடுத்தாள். நான் கையை மடக்கிக்கொண்டு என் பெயர், வயது, சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, என்னென்ன மாத்திரை என்று எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் டைப் பண்ண இதுல இடம் இல்ல அங்கிள்" என்றாள்.

அந்த இடத்தைத்தான் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது. பில் போடும் திரையில் செல்போன் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் கட்டம் இருக்கிறது. 'இப்போது சாப்பிடும் மருந்துகள்', 'கடைசியாகச் சாப்பிட்ட நேரம்' என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்க்க எந்த ஆய்வகத்துக்கும் பெரிய செலவில்லை. அதுவரை, மருந்துச் சீட்டைக் கையிலேயே கொண்டுபோய், டாக்டர் எழுதிக்கொடுத்த தாளின் பின்பக்கத்தில் நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். வாங்க மறுத்தால், கையை நீட்டுவதற்கு முன்னால் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படிக் கேட்கிற நோயாளி வந்த நாட்களில் எங்கள் அக்கா இன்னும் ஒருமுறை குழாயின் பெயரைச் சரிபார்ப்பார்.